கார்டின் எண்: சில குறிப்புகள்

யூனிக்ஸில் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை எப்படிப் பார்ப்பது? எந்த யூனிக்ஸ் என்று முதலில் கேட்க வேண்டும்.

லினக்ஸில் 'ஐபி லிங்க்'. ஆறு ஜோடி எழுத்துகள், நடுவே முக்காற்புள்ளிகள். அதே வரியில் பிராட்காஸ்ட் முகவரியும் நிற்கும், முழுக்க எஃப். அவசரத்தில் அதைக் காப்பி செய்துவிடக் கூடாது.

இஃப்கான்ஃபிக் பழைய லினக்ஸில் 'ஹெச்டபிள்யூஆடர்' என்று காட்டும். புதியதில் 'ஈதர்'. பழைய சொல்லைத் தேடும்படி எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுகள் அத்தனையும் அன்றே படுத்துவிட்டன.

எனக்குப் பிடித்த வழி வேறு. 'சிஸ்' டைரக்டரிக்குள் கிளாஸ், அதற்குள் நெட், அதற்குள் கார்டின் பெயர், அதற்குள் 'அட்ரஸ்' என்று ஒரு ஃபைல். 'கேட்' போதும். உள்ளே அந்த எண் மட்டும், வேறு ஒரு சொல் இல்லை.

லூப்பேக்கிலும் அந்த ஃபைல் உண்டு. எல்லாம் பூஜ்யம்.

ஹெச்பி-யூஎக்ஸ்: 'லேன்ஸ்கேன்'. புள்ளி, கோடு எதுவும் கிடையாது, ஒரே சரமாக ஓடும்.

ஏஐஎக்ஸ்: 'நெட்ஸ்டாட்' காட்டும்போது நடுவே வெறும் புள்ளி.

சோலாரிஸ்: சாதாரண யூசருக்கு இஃப்கான்ஃபிக் அந்த வரியையே காட்டாது. ரூட் வேண்டும். ஆனால் 'ஆர்ப்' கட்டளையிடம் தன் இயந்திரத்தின் பெயரையே கொடுத்துக் கேட்டால் சொல்லிவிடும். பூட்டிய கதவு, திறந்த ஜன்னல்.

சோலாரிஸ் முன்பூஜ்யத்தை விழுங்கும். 08:00:20 என்பது 8:0:20 ஆகிவிடும். அப்படியே எடுத்து இன்னொரு பட்டியலோடு ஒப்பிட்டால் பொருந்தாது.

08:00:20 சன் நிறுவனத்தின் முன்னொட்டு. விர்ச்சுவல்பாக்ஸ் தன் போலிக் கார்டுகளுக்குக் கொடுப்பது 08:00:27. 2008இல் விர்ச்சுவல்பாக்ஸ் சன்னின் கைக்கு வந்தது. ஆனால் 27 சன்னுக்குப் பதிவானதல்ல, வேறொரு பழைய கணினி நிறுவனத்துடையது.

கேவிஎம் தருவது 52:54:00. இவை ஹெக்ஸ் எண்கள்; ஆஸ்கி அட்டவணையில் 52 ஆர் (R), 54 டி (T).

மொத்தம் 48 பிட். முதல் 24 தயாரிப்பாளருக்கு, ஐஇஇஇ ஒதுக்குவது. மீதி 24 தயாரிப்பாளர் வரிசையாகப் போட்டுக்கொள்வது. முன்பு ஒதுக்கியது ஜெராக்ஸ்.

ஜெராக்ஸின் முதல் சோதனை ஈதர்நெட்டில் முகவரி 8 பிட்தான்.

1981இல் யோகேன் தலாலும் ராபர்ட் பிரிண்டிஸும் 48 பிட்டுக்காக ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் திட்டத்தில் எண் இயந்திரத்துக்கு. கார்டுக்கு அல்ல.

பழைய சன் இயந்திரத்தில் எத்தனை போர்ட் இருந்தாலும், மாற்றி அமைக்காதவரை, எல்லாவற்றுக்கும் ஒரே எண். அது இருந்த இடம் மதர்போர்டில் ஒரு சிறு சிப். பேட்டரி சிப்புக்குள்ளேயே. பேட்டரி தீர்ந்தால் எண்ணும் போய்விடும். இன்றைக்கும் அந்தச் சிப்பை ராவி, வெளியே காசு பேட்டரி பற்றவைத்து உயிர் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மரியாதைக்குரிய வேலை.

முதல் பைட்டின் கடைசி பிட் 1 என்றால் மல்டிகாஸ்ட். அதற்கு முந்தைய பிட் 1 என்றால் யாரும் ஒதுக்காத எண், அந்தந்த இடத்திலேயே வைத்துக்கொண்டது. கேவிஎம்மின் 52இல் அந்தப் பிட் 1.

இன்றைய போன்களில் வைஃபைக்கு வைஃபை வேறு எண். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் அதுவே வழக்கம். நல்லது. கடை கடையாக ஆளைப் பின்தொடர இந்த எண் போதுமானதாக இருந்தது.

ரவுட்டரைத் தாண்டி இந்த எண் போகாது. ஐபிவி6 மட்டும் ஒரு காலத்தில் அதை முகவரிக்குள்ளேயே தைத்து உலகம் முழுக்க அனுப்பியது.

'ஐபி லிங்க்' காட்டுவது இப்போது பாவிக்கும் எண். ரூட்டாக இருந்தால் ஒரே கட்டளையில் மாற்றலாம். கார்டில் எழுதிய எண்ணைப் பார்க்க 'ஈத்டூல்', மைனஸ், பெரிய எழுத்து பி (P).

பல பொறியியல் மென்பொருள்களின் லைசென்ஸ் இந்த எண்ணில்தான் கட்டப்படுகிறது. மதர்போர்டு போனால் லைசென்ஸும் போகும்.

லைசென்ஸுக்கு எண் அனுப்பும் முன் இப்போது பாவிக்கும் எண், கார்டில் எழுதிய எண் இரண்டையும் பாருங்கள், ஒன்றா என்று. இயந்திரம் ஓடும்போதே ஒரு ஸ்டிக்கரில் எழுதி மேலே ஒட்டிவிடுங்கள். முன்பூஜ்யத்தோடு.