நூப்ராவுக்கு ஒரு தொகுதி இருந்தது

மதுரை வில்லாபுரம் வெயிலில் வளர்ந்த உடம்பு இது. லடாக்கின் கர்துங்லா கணவாயில் வண்டியை விட்டு இறங்கியதும் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். 17,500 அடி உயரம். நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. மதுரையில் அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில், இங்கே சாலையோரம் முழுக்கப் பனிச்சுவர்!

இறங்க இறங்க நூப்ரா பள்ளத்தாக்கு விரிந்தது. கீழே சாம்பல் நிறத்தில் சியோக் ஆறு. ஹுண்டரில் மணல்மேடுகள், அவற்றில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள், பின்னால் பனிமலை. மணலையும் பனியையும் ஒரே பார்வையில் பார்ப்பேன் என்று யார் நினைத்தது! திஸ்கித்தில் 106 அடி உயர மைத்ரேய புத்தர் ஆற்றைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் "ஜூலே" என்று வணக்கம் சொல்கிறார்கள். உப்பும் வெண்ணெயும் கலந்த டீ, நாக்குக்கு சூப் மாதிரி இருந்தது. இரண்டாம் குவளையில் குளிரே விட்டுப்போனது.

டீ ஊற்றிய பெரியவரிடம் உங்கள் எம்.எல்.ஏ. யார் என்று கேட்டேன். புது ஊருக்குப் போனால் நான் தவறாமல் கேட்பது அது.

"எங்களுக்கு இப்ப எம்.எல்.ஏ. கிடையாது தம்பி" என்றார் இந்தியில்.

திகைத்துப்போனேன். பழைய ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்தின் 87 இடங்களில் லடாக்குக்கு நான்கு இருந்தன: லே, கார்கில், ஜன்ஸ்கார், நூப்ரா. நூப்ரா 1996 தேர்தலில் வந்த தொகுதி. 1971 போர் வரை பாகிஸ்தான் வசமிருந்த துர்துக் கிராமத்தாரும் இதில்தான் ஓட்டுப் போட்டார்கள். கடைசித் தேர்தல் 2014-இல். வென்றவர் காங்கிரஸின் டெல்டன் நம்கியால். 2019 அக்டோபர் 31 அன்று லடாக் சட்டமன்றமில்லாத யூனியன் பிரதேசமானது. நான்கு தொகுதிகளும் போயின. யூனியன் பிரதேசம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் லே மக்கள். கேட்டது கிடைத்தது, இருந்தது போய்விட்டது.

இதே நூப்ராவில், சியாச்சின் பக்கம் வார்ஷி என்றொரு குக்கிராமம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே ஒரே குடும்பத்தின் ஐந்து வாக்காளர்களுக்காக ஒரு வாக்குச்சாவடி வைத்தார்கள். கேட்டதும் மெய்சிலிர்த்தது. ஐந்து பேருக்காக மலையேறிப் போகிற தேர்தல் ஆணையம் நம்முடையது! ஆனால் அந்த ஐந்து பேரும் முழு லடாக்குக்கும் உள்ள ஒரே எம்.பி.யைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பரப்பளவில் நாட்டிலேயே பெரிய தொகுதி அது. மனு கொடுக்க அவரை எங்கே போய்த் தேடுவது? லேயில் மலைப்பகுதி வளர்ச்சி மன்றம் 1995 முதல் இருக்கிறது, ஆனால் சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கில்லை.

2024 ஆகஸ்டில் நூப்ராவைத் தனி மாவட்டமாக அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் கலெக்டர் நாம் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர் இல்லையே! புதுச்சேரியும் யூனியன் பிரதேசம்தான். அங்கே 30 தொகுதிகளோடு சட்டமன்றம் நடக்கிறது. லடாக்குக்கும் ஒன்று வேண்டும். அதில் நூப்ராவுக்கு ஓர் இருக்கை கட்டாயம் வேண்டும்.