எதற்கு முன் எது

2009 நவம்பர் 12
ஒரு மின்னஞ்சல் சர்வர் நின்றுபோனால் அதன் வேலையை மற்றொரு சர்வர் ஏற்கும்படி இரண்டையும் ஒரே பெயரில் பிணைத்து வைப்பது கிளஸ்டர் எனப்படும். அந்தக் கைமாற்றத்துக்கு ஃபெயில்ஓவர் என்று பெயர். கைமாறும் வேளையில் சேவைகள் முண்டியடித்து எழக் கூடாது என்பதால், எது வந்த பிறகு எது வர வேண்டும் என்னும் வரிசை முன்னதாகவே எழுதி வைக்கப்படுகிறது, இதுவே சார்பு. எக்ஸ்சேஞ்ச் 2003-இல் ஐ.பி. முகவரிக்குப் பின் நெட்வொர்க் பெயரும், பெயரும் டிஸ்குகளும் வந்த பின் சிஸ்டம் அட்டெண்டன்ட் என்னும் மேற்பார்வைச் சேவையும், அதற்குப் பின் அஞ்சல்பெட்டிகளைத் திறக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்டோரும் எழ வேண்டும். ஓசூரில் ஓர் ஆலையின் முதல் சர்வர் நேற்றிரவு மின்தடையில் விழுந்தபோது இரண்டாவது சர்வர் ஒழுங்காகவே எழுந்தது. ஆயினும் ஊழியர்களில் ஒரு பிரிவினரின் அஞ்சல்பெட்டிகள் மட்டும் திறக்கவில்லை.

நவம்பர் 13
அவற்றின் தரவுத்தளத்தைக் கையால் இணைத்தவுடன் (மவுன்ட்) அவை திறந்துகொண்டன. பழுதே இல்லாதது போல் திறந்ததுதான் சர்வர்களைக் கவனிக்கும் இந்தக் குறிப்பாளருக்கு உறக்கத்தைக் கெடுத்தது.

நவம்பர் 15, ஞாயிறு, நாட்றாம்பாளையம்
அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் காட்டு வழியில் உள்ள இவ்வூரில் ராகி முற்றும் பருவமும் யானைகள் இறங்கும் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே கொல்லைதோறும் பரண் கட்டி இரவுக் காவல் இருப்பது வழக்கம். காவலுக்கு இருவர் வேண்டும்: ஒருவர் டார்ச் அடிக்க, மற்றவர் வெடி போட. நேற்றிரவு குறிப்பாளர் அவசரப்பட்டுத் திரியில் நெருப்பு வைக்கப் போனபோது அவருடைய பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டார். “இருப்பா. மொதல்ல எங்க நிக்குதுன்னு தெரியட்டும். வெளிச்சம் வராம வெடிச்சா அது நம்ம பக்கமே திரும்பிடும்.” வெளிச்சம் விழ நெடுநேரமாயிற்று, ஏனெனில் பேட்டரி தளர்ந்திருந்தது. யானை வந்த பக்கமே போய்விட்டது. கொல்லையில் செல்போன் சிக்னல் கிடைக்காததால் ஆலையிலிருந்து அழைப்பும் இல்லை. நான்கு நாட்களில் அன்றுதான் நல்ல உறக்கம்.

நவம்பர் 17
இன்று சர்வரின் பதிவேட்டில் பிழைச் செய்திகளை விட்டுவிட்டு நேரங்களை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்ததில் காரணம் புலப்பட்டது. திறக்காத அஞ்சல்பெட்டிகள் இருந்த, ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட புதிய டிஸ்குக்குத் தனி டிரைவ் எழுத்து தரப்படவில்லை. ஏற்கெனவே இருந்த டிரைவுக்குள் ஒரு ஃபோல்டராக அது இணைக்கப்பட்டிருந்தது. இவ்வாறு இணைக்கும் இடம் மவுன்ட் பாயின்ட் எனப்படும். சிஸ்டம் அட்டெண்டன்டின் சார்புப் பட்டியலில் தாய் டிரைவ் இருந்தது, ஆனால் அதற்குள் பொருத்தப்பட்ட டிஸ்க் இல்லை. அதைச் சேர்த்தபோது ஆகஸ்டில் நடந்த கைமாற்றச் சோதனையில் இது வெளிப்படாமல் போனதற்கும் காரணம் உண்டு: ஒழுங்காக மூடிக் கைமாற்றும்போது டிஸ்குகள் நொடிகளில் வந்துவிடுகின்றன, திடீரென மின்சாரம் போனாலோ, டிஸ்கில் எழுத்து பாதியில் நின்றிருக்கலாம் என்னும் ஐயத்தில் கிளஸ்டர் முதலில் செக்டிஸ்க் ஓட்டிச் சரிபார்க்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்குள், காத்திருக்கும்படி எவரும் சொல்லாத ஸ்டோர் எழுந்து, இல்லாத கோப்புகளைத் தேடிக் கைவிட்டிருக்கிறது. டிஸ்க் சேர்த்த படிவத்தில் இருப்பது குறிப்பாளரின் கையொப்பமே.

நவம்பர் 18
ராகி அறுப்பு தொடங்கிவிட்டதாக வீட்டிலிருந்து செய்தி.

நவம்பர் 22
எழுத வேண்டியவை இரண்டே வரிகள்: புதிய டிஸ்க் தாய் டிரைவைச் சார்ந்திருக்க வேண்டும், சிஸ்டம் அட்டெண்டன்ட் இரண்டையும் சார்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு சேவையின் சார்பை மாற்றுவதற்கு அதை நிறுத்த வேண்டும்; அதை நிறுத்தினால் அதன்மேல் நிற்கும் ஸ்டோர் முதலிய அனைத்தும் நின்றுவிடும். ஆகையால் அனுமதி பெற்று, நள்ளிரவு தாண்டி ஆலையின் அஞ்சல் முழுவதையும் நிறுத்தி, அவ்விரு வரிகளும் சேர்க்கப்பட்டன. உடனே கைமாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, ஒரே இரவில் இரண்டாவது நிறுத்தம் வேண்டாம் என்று மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள். அஞ்சல் நிற்பதற்கு அஞ்சுகிறவர்கள், நிற்காது என்று உறுதி செய்துகொள்ள மட்டும் மறுப்பது வேடிக்கை. கோபத்தில் எழுதிய இந்த வாக்கியத்தை அடிக்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 3
சென்ற மாதம் வெளியான எக்ஸ்சேஞ்ச் 2010-இல் சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் பொது டிஸ்க் என்பதே இல்லை. ஒவ்வொரு சர்வரும் தனக்கெனத் தரவுத்தளப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளும். ஒரு குழுவில் 16 சர்வர்கள் வரை சேரலாம். டிஸ்குக்கும் சேவைக்கும் இடையே இந்தச் சார்பு வரிகளைக் கையால் எழுத வேண்டியதில்லை. படித்தபோது முதலில் நிம்மதியும், சற்றுப் பொறுத்து, அரும்பாடுபட்டுக் கற்ற ஒன்று பழையதாகிவிட்ட வருத்தமும் தோன்றின.

டிசம்பர் 9
பெரியப்பா டார்ச்சுக்குப் புது பேட்டரி கேட்டிருந்தார், நான்கு வாங்கியாயிற்று.

டிசம்பர் 20
அறுப்பு முடிந்தும் ஊரில் பரணைப் பிரிக்கவில்லை. மின்தடைபோல் திடீரென நிறுத்திக் கைமாற்றிப் பார்க்கும் சோதனைக்கு ஆலையில் இன்றுவரை தேதி குறிக்கப்படவில்லை.