நாயுடுபேட்டையில் இரண்டாவது விரதம்

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 110 கி.மீ. கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து காளஹஸ்தி, திருப்பதிக்குச் சாலை பிரியும் ஊர் நாயுடுபேட்டை. 2022 வரை நெல்லூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். பழவேற்காடு ஏரி அருகில் என்பதால் மீனுக்கும் இறாலுக்கும் பஞ்சமில்லை. சைவத்துக்குத் திரும்ப நினைப்பவருக்கு இதைவிடச் சோதனையான ஊர் வேண்டுமா?

ஆனால் இந்தப் பகுதியில் இரண்டு பஞ்சாங்கங்கள் கைகொடுக்கின்றன. தமிழர்களுக்குப் புரட்டாசி, பெருமாளுக்காக. தெலுங்கர்களுக்குக் கார்த்திக மாதம், சிவனுக்காக. அது தீபாவளி அமாவாசை கழிந்ததும் பிறக்கும். புரட்டாசி முழுக்கக் கட்டிக் காத்த நாக்கு இடைப்பட்ட நாட்களில்தான் வழுக்குகிறது. 2023ல் அந்த இடைவெளி ஏறக்குறைய நான்கு வாரம். 2025ல் நாலைந்து நாள்தான். வழுக்கியவர் அடுத்த புரட்டாசிவரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டு விரதத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

எதற்குத் திரும்புகிறார்கள் என்பதுதான் சிக்கல். மீனை விட்டவர் காலையில் பூரி, மாலையில் பஜ்ஜி என்று இறங்கினால் விரதம் பிழைக்கும், உடம்பு பிழைக்காது. இத்தனைக்கும் ஆந்திரச் சமையலிலேயே நல்ல வழி இருக்கிறது. பாசிப்பயறைத் தோலோடு அரைத்து வார்க்கும் பெசரட்டு. கோங்குரா போட்ட பப்பு. புரதத்துக்குப் பருப்பு, நார்ச்சத்துக்குக் கீரை, தாவர உணவில் கிடைக்காத பி12க்குத் தயிர். ஊறுகாயில்தான் கை நீண்டுவிடும்.

கார்த்திகத் திங்கட்கிழமைகளில் பகலெல்லாம் பட்டினி கிடந்து, விளக்கேற்றிய பிறகே சாப்பிடுவோர் உண்டு. நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.