ஆழம் எங்கிருந்து?

2023ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் நெதர்லாந்தில் இருக்கும் என் தம்பியிடம் போயிருந்தேன். அவன் வாங்கியிருந்த பழைய பாய்மரப் படகு எங்க்ஹைசன் துறையில் நின்றுகொண்டிருந்தது. ஒன்பது மீட்டர் நீளம். என்னைவிடச் சற்றே இளையது. அதன் முன்னே விரிந்து கிடந்த ஐசல்மீர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. 1932இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டிக் கடலை வெளியே நிறுத்திவிட்டார்கள். உப்பு நீர் மெல்ல நன்னீர் ஏரியானது. பரந்த ஏரிதான், ஆனால் பல இடங்களில் நான்கைந்து மீட்டர் ஆழம்கூடக் கிடையாது.

படகில் கருவிகளுக்குக் குறைவில்லை. பாய்மரத்தின் உச்சியில் காற்றுமானி, அடிப்பகுதியில் எதிரொலியால் ஆழம் அறியும் ஆழமானி, வேகமானி, மின்னணுத் திசைகாட்டி, ஜிபிஎஸ். ஒவ்வொன்றும் தன் போக்கில் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. இவற்றை ஏன் இணைக்க வேண்டும் என்று கேட்டேன். "அக்கா, மேலே இருக்கிற காற்றுமானிக்கு உண்மையான காற்று தெரியாது. படகு ஓடுவதால் உண்டாகிற காற்றையும் சேர்த்துத்தான் அது உணரும். வேகமானியையும் கேட்டால்தான் நிஜக் காற்றைக் கணக்கிட முடியும்" என்றான். தனித்தனியே எந்தக் கருவிக்கும் தெரியாத ஓர் உண்மை இரண்டும் சேரும்போது தெரியவருகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றிரவு மடிக்கணினியின் கறுப்புத் திரையில் கருவிகளின் பேச்சைக் காட்டினான். வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. 1983இல் அமெரிக்கக் கடல்சார் மின்னணுச் சங்கம் வகுத்த என்எம்ஈஏ 0183 என்னும் நெறி அது. அதில் ஒவ்வொரு வரிக்கும் பெயர் 'வாக்கியம்'. அனுப்பும் கருவி 'பேசுவோர்', பெறும் கருவி 'கேட்போர்'. தமிழ் இலக்கணம் நடத்திப் பிழைக்கும் எனக்கு இது போதாதா? நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாக்கியம் டாலர் குறியில் தொடங்கும். முதல் இரண்டெழுத்து பேசுவது யார் என்று சொல்லும். அடுத்த மூன்றெழுத்து எதைப் பற்றிய பேச்சு என்று சொல்லும். பிறகு காற்புள்ளிகளுக்கு இடையே எண்கள். இறுதியில் ஓர் உடுக்குறி, அதன்பின் ஒரு சரிபார்ப்பு எண். வாக்கியம் 82 எழுத்துருக்களைத் தாண்டக் கூடாது. வேகம் விநாடிக்கு 4800 பிட். ஒரு கம்பியில் ஒருவரே பேசலாம், பலர் கேட்கலாம்.

புதிய கருவிகள் இப்படிப் பேசுவதில்லை. என்எம்ஈஏ 2000 என்னும் பின்வந்த நெறியில் எல்லாக் கருவிகளும் ஒரே முதுகெலும்புக் கம்பியில் இணைந்து, விநாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் பேசிக்கொள்கின்றன. ஆனால் அந்த மொழியின் அகராதியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆர்வலர்கள் சிலர் கம்பியில் ஓடும் செய்திகளைக் கவனித்து, தெரிந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பொருள் கண்டு, கேன்போட் என்ற பெயரில் பொதுவில் வைத்துவிட்டார்கள். புரியாத கல்வெட்டைத் தெரிந்த பெயர்களைக் கொண்டு எழுத்துக்கூட்டுவது போன்ற வேலை.

தம்பியின் திட்டம் எளியது. உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினி ஒன்று. அதில் சிக்னல் கே என்னும் திறமூல மென்பொருள். பழைய மொழியில் பேசும் கருவிகளையும் புதிய மொழியில் பேசுபவற்றையும் அது கேட்டு, எல்லாவற்றையும் ஒரே பொது மொழிக்கு மாற்றிக் கம்பியில்லாமல் படகெங்கும் பரப்பும். ஓப்பன்சிபிஎன் என்ற இலவச மென்பொருள் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும். ஆழமானியின் பழைய திரை வெயிலில் மங்கிப்போயிருந்ததால், அதன் எண்ணைக் கைக்கணினியில் வட்டமுள்ளாக வரவழைத்தான்.

அவன் சொல்லச் சொல்ல அமைப்புகளைக் குறிப்பேட்டில் எழுதும் வேலை என்னுடையது. எங்கும் தமிழில் எழுதுவது என் பழக்கம். ஆழமானி இரண்டு வகை வாக்கியங்களை அனுப்பியது. இரண்டின் பெயரையும் சொன்னான். 'டிபிடி' என்று இரண்டு இடத்தில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் எதிர்க்கரையில் இருக்கும் ஸ்டாவொரனுக்குக் கிளம்பினோம். வடகிழக்குக் காற்று நேர் எதிரே வீசியது. பாய்மரப் படகு காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது; இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். ஸ்டாவொரனுக்குத் தெற்கே வ்ரௌவசாண்ட், அதாவது பெண்ணின் மணல், என்றொரு மணல்திட்டு நீருக்கடியில் இருக்கிறது. செல்வச் செருக்கு மிகுந்த ஒரு வணிகப் பெண், உலகிலேயே விலைமதிப்பற்ற பொருளைக் கொண்டுவா என்று மாலுமியை அனுப்பினாளாம். அவன் கோதுமை கொண்டுவந்தான். அவள் சினந்து அத்தனையையும் கடலில் கொட்டச் செய்தாள். அந்த இடத்தில் மணல் திரண்டு துறையையே அடைத்துவிட்டது என்பது கதை. விலைமதிப்பற்றது என்ற சொல்லுக்கு அவளுக்கு ஒரு பொருள், அவனுக்கு ஒரு பொருள்.

திட்டை நெருங்கியபோது தம்பி சுக்கானைப் பிடித்திருந்தான். "ஆழத்தைப் படித்துக்கொண்டே வா. ஒரு மீட்டருக்குக் கீழே போனால் திருப்பிவிடலாம்" என்றான். நான் வட்டமுள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்று புள்ளி நான்கு. ஒன்று புள்ளி இரண்டு. ஒன்று புள்ளி ஒன்று. அடுத்த எண்ணைச் சொல்வதற்குள் காலடியில் ஏதோ உரசியது. படகு முனகி நின்றது. நான் முன்னால் சரிந்து முழங்கையை இடித்துக்கொண்டேன்.

அவன் முகம் வெளிறிவிட்டது. கடலென்றால் ஓதம் ஏறிப் படகைத் தூக்கிவிடும். அணை கட்டிய இந்த ஏரியில் ஓதம் கிடையாது. என்னை ஒரு பக்கமாகப் போய்ச் சாயச் சொன்னான். படகு சாய்ந்தால் அடியில் துருத்தி நிற்கும் ஏரா சற்றே மேலெழும். இயந்திரத்தைப் பின்னோக்கி முடுக்கினான். காற்று கரையிலிருந்து வீசியதால் அதுவும் உதவியது. சில நிமிடங்களில் விடுபட்டோம். மணல் என்பதால் சேதமில்லை. பாறையாக இருந்திருந்தால் என்ற நினைப்பு மட்டும் வெகுநேரம் போகவில்லை.

"அந்த முள்ளுக்கு எந்த வாக்கியத்தைக் கொடுத்தேன்?" என்று கேட்டான். குறிப்பேட்டைத் திறந்தேன். டிபிடி. இன்னொன்று? டிபிடி. ஒன்றில் நடு எழுத்து ஆங்கில வரிசையின் இரண்டாவது, மற்றொன்றில் பதினாறாவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பி. முதல் வாக்கியம் உணர்கருவிக்குக் கீழே உள்ள ஆழத்தை மட்டும் சொல்கிறது. இரண்டாவது அதோடு, கருவியிலிருந்து ஏராவின் அடிவரை எத்தனை தூரம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. எங்கள் படகில் அது ஒரு மீட்டர். நான் 'ஒன்று புள்ளி ஒன்று' என்றபோது ஏராவுக்கும் மணலுக்கும் இடையே பத்து சென்டிமீட்டர்தான் இருந்தது.

இரவு ஸ்டாவொரன் துறையில் பதிவுகளைத் திறந்து பார்த்தோம். திறமூலம் என்பதால் எதுவும் மூடியிருக்கவில்லை. ஆழமானி சரியாகவே பேசியிருந்தது. சரிபார்ப்பு எண்கள் பொருந்தின. ஓர் எழுத்தும் பிசகவில்லை. சிக்னல் கேயும் வேறுபாட்டைக் காத்தே வைத்திருந்தது: சூழல், ஆழம், உணர்கருவிக்குக் கீழே, சூழல், ஆழம், ஏராவுக்குக் கீழே, நீர்மட்டத்துக்குக் கீழே என்று மூன்றாவதும் உண்டு. வட்டமுள்ளின் தலைப்பில் வெறுமனே 'ஆழம்' என்று எழுதியது தம்பி. அதைத் தனக்குத் தெரிந்த ஆழமாக எண்ணிப் படித்தது நான்.

எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கக் கருவிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்பவர் வேறு பொருள் கொண்டால் அதைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண் எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. இருபது ஆண்டுகளாகச் சொல்லையும் பொருளையும் வகுப்பில் பிரித்துப் பிரித்து நடத்தியவள்தான், ஆழம் என்றதும் எங்கிருந்து என்று கேட்கத் தோன்றவில்லை.

தம்பி தலைப்பை மாற்றி 'ஏராவுக்குக் கீழே' என்று எழுதினான். நான் குறிப்பேட்டில் ஒரு டிபிடிக்கு எதிரே 'பயத்துக்கு வரும் ப' என்றும், இன்னொன்றுக்கு எதிரே 'படகுக்கு வரும் ப' என்றும் எழுதினேன். திரும்பி வரும்போது படகுக்கு வரும் ப சொன்ன எண்ணைத்தான் படித்தேன். ஆனாலும் இரண்டு மீட்டர் என்று முள் காட்டியதுமே திருப்பச் சொல்லிவிட்டேன். தம்பி சிரித்தான்; திருப்பிவிட்டான்.