கோல்நுனித் தோல்

பெருந்தேரின் ஓட்டம் ஒரு சிற்றாணியில் தங்கியிருப்பதைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிவர். ஆணி கழலும்வரை அதனை நினைப்பவர் இலர். பில்லியட்ஸ் மேசையிலும் அத்தகையதொரு சிறுபொருள் உண்டு. ஏறத்தாழ ஐந்தடி நீளமான கோலின் முனையில் ஒட்டப்பட்டிருக்கும் தோல்வட்டமே அது. பூல் ஆட்டக் கோலில் அதன் குறுக்களவு பெரும்பாலும் 13 மில்லிமீற்றர். ஸ்னூக்கர் கோலில் 9 முதல் 10 மில்லிமீற்றர் வரை. ஆடுபவரின் கண்ணும் தோளும் மணிக்கட்டும் பல்லாண்டுகளாகப் பெற்ற பயிற்சி முழுவதும் இத்தோலின் வழியாகவே பந்தைச் சென்றடைய வேண்டும். தோலும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரமோ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே.

இத்தோல் வந்த வரலாறு சுவையானது. தொடக்கத்தில் கோலின் முனை வெறும் மரமாகவே இருந்தது. பந்தின் நடுவைத் தவிர வேறெங்கு தொட்டாலும் அது வழுக்கிற்று. பிரான்சு நாட்டில் சிறையிருந்த மிங்கோ என்னும் படைத்தலைவர் 1807 ஆம் ஆண்டளவில் கோல்முனையில் தோலை ஒட்டிப் பார்த்தார் என்பர். அதன் பின்னரே பந்தைச் சுழற்றவும், முன்னே சென்றதைப் பின்னே வரச் செய்யவும் மனிதன் கற்றான். அந்த ஆட்டத்தைப் பிரித்தானியர் தம் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் எடுத்துச் சென்றனர். ஸ்னூக்கர் 1875 இல் ஜபல்பூரில் ஒரு படைமுகாமிலே தோன்றியது. அதன் விதிகள் 1882 இல் உதகமண்டலத்துக் கழகமொன்றிலே எழுதப்பட்டன. தேயிலையும் றப்பரும் விளைந்த இலங்கை மலைநாட்டிலும் துரைமார் கூடிய கழகங்களில் பச்சைத் துணி விரித்த மேசைகள் இடம்பெற்றன.

மேசை இருந்த இடத்தில் மார்க்கரும் இருந்தார். புள்ளிகளைக் குறிப்பதும், பந்துகளை அடுக்குவதும், துணியைத் துலக்குவதும், கோல்களைப் பேணுவதும் அவரது தொழில். அத்தகைய ஒருவர் இன்றும் உக்குவளையில் வாழ்கின்றார். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்த ஊர் அது. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே வந்து, 1976 முதல் அங்கே மின்னாக மாறிச் சுது கங்கையிற் கலக்கின்றது. மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் சூழ்ந்த ஒரு சிறிய வீட்டில் வாழும் அம்முதியவரை அயலவர் 'மார்க்கர் ஐயா' என்றே அழைக்கின்றனர். தொழில் போய் அரை நூற்றாண்டாகியும் பெயர் போகவில்லை.

1962 இல், பதினான்காவது வயதில், அவர் கழகமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு பணியாளர் ஆடுதல் ஆகாது. ஆயின் ஒரு விலக்கு இருந்தது. கோலுக்குப் புதுத்தோல் ஒட்டினால், அது படிவதற்காகச் சில பந்துகளை அடித்துப் பார்த்தாக வேண்டும். கோலைத் துரையிடம் கொடுக்குமுன் அந்தச் சில அடிகளை அடிப்பது மார்க்கரின் கடமை. அக்கடமையே அவருக்குக் கிடைத்த ஆட்டம். ஒரு தோலுக்கு ஐந்தாறு அடிகள். அவற்றை வீணாக்காதிருக்க, அடுத்த தோலுக்கான அடிகளை நாட்கணக்கில் மனத்திலே ஆடிவைத்திருப்பார். பதின்மூன்று ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் பலர் கப்பலேறினர். கழகமும் ஒடுங்கி மேசை விலைப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன், 1973 இல், எம். ஜே. எம். லாபிர் பம்பாயில் உலக பில்லியட்ஸ் வாகையைச் சூடி இலங்கைக்குப் பெருமை சேர்த்திருந்தார். செய்தியைக் கேட்டவர்கள் அவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்று வினவியபோது, மார்க்கர் ஐயா ஒருவரே, "என்ன தோல் போட்டிருப்பாரு?" என்று கேட்டாராம்.

அவருடைய பேரன் பல்கலைக்கழக மாணவன். பூல் ஆட்டத்தில் ஈடுபாடு மிக்கவன். விடுமுறைக்கு வந்தவன் தேய்ந்த நுனியுள்ள கோலொன்றைக் கொண்டுவந்தான். யப்பானிய நிறுவனமொன்று பன்றித் தோலின் மெல்லிய படைகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டிச் செய்யும் தோலை வாங்க வேண்டும் என்பது அவன் எண்ணம். அதன் விலையோ கோலின் விலையில் ஒரு நல்ல பங்கு. அதிலே சுழற்சி மிகுதியாகக் கிடைக்கும் என்று நண்பர்கள் கூறியிருந்தனர்.

"தோலு சுத்தாது தம்பி. நீ தொடுற எடந்தான் சுத்தும்," என்றார் முதியவர்.

பௌதிகம் அவர் பக்கமே நிற்கின்றது. பந்தின் சுழற்சியைத் தீர்மானிப்பது நடுவிலிருந்து எவ்வளவு விலகி அடிக்கின்றோம் என்பதே. பந்தின் ஆரையில் ஏறத்தாழ அரைப்பங்கு விலகும்வரை தோல் பற்றிக்கொள்ளும். அதற்கப்பால் எத்தோலும் வழுக்கும். மெதுவான தோல் சற்றே கூடுதல் நேரம் பந்தைத் தொட்டிருக்கும். எனினும் அதனால் சுழற்சி குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. வன்மையான தோல் கோலின் விசையைக் குறைவான இழப்புடன் பந்துக்குக் கொடுக்கும். வேறுபாடு பெரும்பாலும் பேணுதலிலேயே உள்ளது. மெதுவான தோல் சோக்கை நன்கு ஏற்கும். ஆயின் விரைவில் நசிந்து, காளான் குடைபோல ஓரம் பிதுங்கும். வன்மையானது வடிவம் குலையாது. ஆயின் முகம் மினுங்கிச் சோக்கை உதறிவிடும். இடைப்பட்டதே கற்பவனுக்கு ஏற்றது. எத்தகையதாயினும், அடிக்கடி மாற்றாது ஒன்றிலேயே கை பழகுதல் வேண்டும்.

ஒற்றைத் தோலை அழுத்திச் செய்த பழைய வகை நுனிகள் பெட்டி பெட்டியாக வருபவை. ஒரே பெட்டியிலுள்ளவையும் ஒன்றுபோல இரா. முதியவர் அவற்றைத் தெரிந்தெடுக்கும் முறை எளியது. ஒவ்வொன்றையும் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். பின்னர் பலகைமேல் விழவிட்டு ஓசையைக் கேட்பார். மந்தமாக ஒலிப்பது மெதுவானது, கணீரென்பது வன்மையானது. ஓரம் பிரிந்ததையும் நிறம் திட்டுத் திட்டாக உள்ளதையும் ஒதுக்குவார். அன்று அவர் தேர்ந்தது இவ்வகை நுனியொன்றே. யப்பானியத் தோலின் விலைக்கு அதிலே ஒரு கைப்பிடி வாங்கலாம்.

ஒட்டுவதில் அவருக்கு அவசரம் இல்லை. பழைய தோலைச் சீவியெடுத்து, பூணின் முகத்தில் படிந்த பழம்பசையை முற்றாகச் சுரண்டினார். பூணின் முகம் மட்டமாக இல்லையெனில் எப்பசையும் நில்லாது. புதுத்தோலின் அடிப்புறத்தைச் சமதளத்தில் விரித்த சாண்ட் பேப்பரில் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். மெல்லப் பசையிட்டு, நடுவில் அமர்த்தி, அழுத்தி, இரவு முழுவதும் அப்படியே விட்டார். காலையில் கோலைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, பூணுக்கு வெளியே நீட்டிய விளிம்பைக் கூரிய கத்தியால் பூணைத் தொடாமற் சீவினார். பக்கத்தை ஈரப்படுத்தி, மடித்த தோற்றுண்டால் சூடேறத் தேய்த்து இறுக்கினார். முகத்தைச் சிறிய நாணயமொன்றின் விளிம்பு வளைவுக்கு இணையாக உருட்டினார். பதினெட்டு முதல் இருபத்தொரு மில்லிமீற்றர் குறுக்களவுள்ள நாணயத்தின் வளைவு பூல் கோலுக்குப் பொருந்தும். தட்டையான முகமாயின், பந்தின் ஓரத்தைத் தொடும்போது தோலின் விளிம்பே படும், அடி பிழைக்கும்.

இவ்வளவும் ஒரு நாள் வேலை. பேணுதலோ நாள்தோறும் செய்வது. சோக்குக் கட்டியில் நுனியைத் திருகித் துளையிடுதல் பலரது வழக்கம். அதனால் சோக்கு பூணிற்படியும், தோலின் உச்சி வெறுமையாகும். தூரிகையால் வண்ணம் பூசுவதுபோல மெல்லத் தடவுதல் வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் முன் தடவுதல் வேண்டும். முகம் மினுங்கினால் சற்றே சொரசொரப்பாக்கலாம். ஆயின் ஒவ்வொரு தேய்ப்பும் தோலின் ஆயுளைக் குறைக்கும். உக்குவளை போன்ற மழைநாட்டில் ஈரக்காற்றே பெரும்பகை. தோல் ஊறி மெலியும். சுவரிற் சாய்த்துவைத்த கோல் வளையும். உலர்ந்த இடத்தில் நேராக நிறுத்தியோ உறையிலிட்டோ வைத்தல் நன்று. தோல் தேய்ந்து பூண் பந்தில் படுமளவுக்கு வருமுன் மாற்றிவிட வேண்டும். அதுவரை உழைத்த தோலைக் குறைகூற ஒன்றுமில்லை. தேய்வதற்காகவே அது ஒட்டப்பட்டது.

வேலை முடிந்தபின் இருவரும் பேரனின் நண்பன் வீட்டு மேசைக்குச் சென்றனர். முதியவர் கோலை வாங்கி ஆறு பந்துகளை அடித்தார். ஆறும் அவர் சொன்ன குழியிலேயே விழுந்தன. பின்னர் நுனியைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கோலைப் பேரனிடம் நீட்டினார்.

"இன்னும் ஆடுங்க தாத்தா. மேசை நம்மளுதுதான்."

"தோலு படிஞ்சிருச்சு தம்பி. அது போதும்."

பேரன் வற்புறுத்தவில்லை, ஆனால் கோலையும் வாங்கவில்லை. பந்துகளை முக்கோணச் சட்டத்தில் அடுக்கி, மார்க்கர் நிற்க வேண்டிய மேசையோரத்தில் தான் போய் நின்றான். முதியவர் சிறிது நேரம் தயங்கினார். பிறகு சோக்குக் கட்டியை எடுத்து, அவசரமின்றி, நுனியில் தடவத் தொடங்கினார்.

கழகங்களின் சுவர்களில் வென்றவர் பெயர்கள் பொன்னெழுத்தில் பொறிக்கப்படுவதுண்டு. அக்கோல்களுக்குத் தோல் ஒட்டியவரின் பெயர் எப்பலகையிலும் இராது. ஆட்டத்தின் நுட்பத்தை ஐந்தாறு அடிகளில் திருடிக் கற்ற எத்தனையோ பேர், தம் திறனின் எல்லை யாதெனத் தாமே அறியாது மறைந்திருப்பர். திறமை எங்கே பிறக்கின்றது என்பதை மட்டும் ஆராயும் கல்வி போதாது. அது எவர் கையில், எத்தனை அடிகளோடு நிறுத்தப்பட்டது என்பதையும் கணக்கிடுதல் கற்றோர் கடன்.