அளவுப் பலகை

கணினி நிரல் எழுதுவோர் இருவருக்காக எழுதுகின்றனர். ஒருவர் இயந்திரம், மற்றவர் நாளை அந்நிரலைத் திறந்து படிக்கப்போகும் மனிதர். வரியின் தொடக்கத்தில் எத்தனை வெற்றிடம் விடுவது, அடைப்புக்குறியை எங்கே இடுவது என்பன பற்றிப் பெரும்பாலான கணினி மொழிகளில் இயந்திரம் கவலைப்படுவதில்லை. மனிதக் கண்ணோ அவற்றைக் கொண்டே பொருளை உணர்கின்றது. 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனத்தின் மென்பொருளில் வெளிப்பட்ட குறை இதற்குத் தக்க சான்றாகும். கட்டளை வரியொன்று அங்கு இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரியும் முதலாவதைப் போலவே உள்ளே தள்ளி நின்றமையால், அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டதே எனக் கண் நம்பியது. இயந்திரமோ நிபந்தனையின்றி அதனை நிறைவேற்றி, இணையத் தொடர்பின் பாதுகாப்புச் சோதனையொன்றைத் தாண்டிச் சென்றது. வடிவத்தைத் திருத்தும் கருவியொன்று அங்கு இயங்கியிருப்பின், அவ்வரி இடப்புறம் நகர்ந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்திருக்கும்.

கலைப்பீட மாணவனாகிய எனக்கு இவ்விடயத்தில் அக்கறை உண்டானதற்கு எம்மூராகிய நாயாறே காரணம். அங்குள்ள கடற்றொழிலாளரின் சொற்களைத் தொகுக்க நண்பர் மூவர் முனைந்தோம். இடப்பெயர்வுகளின் பின் எழுத்தில் எஞ்சியவை சிலவே. பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்ட குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு நிரல், சொற்களை அகரவரிசைப்படுத்த ஒன்று, பக்கமாக்க மற்றொன்று என மூன்று நிரல்கள் உருவாயின. ஒருவர் நான்கு வெற்றிடம் விடுவார். மற்றவர் 'டாப்' விசையை அழுத்துவார். ஒருவர் எழுதியதை மற்றவர் திறந்து சேமித்தால், அவரது கணினி எல்லா வரிகளையும் தன் வழக்கப்படி மாற்றிவிடும். உண்மைத் திருத்தம் ஒரு வரியே. மாறியதாகக் காட்டப்படுவதோ கோப்பு முழுவதும். அந்த ஒரு வரியைத் தேடுவதில் மாலைகள் கழிந்தன. சொற்களைச் சொல்லித்தரக்கூடிய முதியோரோ ஆண்டுதோறும் குறைந்துகொண்டிருந்தனர்.

வலையைக் கையால் பின்னிய காலத்தில், கண்ணின் அளவு மாறாதிருக்கச் சிறு பலகைத் துண்டொன்றில் நூலைச் சுற்றி முடிச்சிடுவர். எவர் பின்னினும் கண் ஒன்றே. நினைவில் உள்ள விதி ஆளுக்கு ஆள் வேறுபடும். பலகையில் உள்ள விதி வேறுபடாது. நிரல் உலகமும் இவ்வழியே வந்தது. 2001 இல் பைதன் மொழிக்கான நடை விதிகள் ஏட்டில் எழுதப்பட்டன. அவற்றைப் பின்பற்றுவது மனிதரின் பொறுப்பாயிருந்தது. 2009 இல் வெளிவந்த 'கோ' மொழியோ வடிவத்தைத் திருத்தும் கருவியைத் தன்னுடனேயே கொண்டுவந்தது.

ஆயினும் கருவி மட்டும் போதாது. அதற்குரிய விதிக்கோப்பைப் பிரதிசெய்து மூன்று நிரல்களிலும் வைத்தால், தொடக்கத்தில் மூன்றும் ஒன்றாயிருக்கும். சில மாதங்களில் ஒவ்வொன்றும் தனி வழி செல்லும். எனவே கோப்பை ஓரிடத்தில் வைத்து, பதிப்பெண் கொடுத்து, மூன்று நிரல்களும் அதனையே பெற்றுக்கொள்ளுமாறு செய்தோம். பழைய வரிகளை ஒழுங்குபடுத்திய மாற்றத்தைத் தனியே பதிந்தோம். பிற திருத்தங்களோடு கலந்தால் நிரலின் வரலாறு குழம்பிவிடும். விலக்குகளும் வேண்டியிருந்தன. கரைவலையில் இருபுறமும் பெரிய கண். மீன் சேரும் மடியிலே சிறிய கண். அவ்வாறே, பாமினி எழுத்துகளை நிரல்படுத்திய அட்டவணையைக் கருவி தொடாதிருக்குமாறு விலக்கினோம்.

இது தனித்தன்மையைப் பறிப்பதன்றோ எனச் சிலர் வினவுவர். கட்டுரையில் நடை எழுதுபவரின் முகமாகும். நிரலின் வெற்றிடத்தில் அத்தகைய முகம் எதுவுமில்லை. அதனினும் கூரிய வினா வேறு: விதியை யார் வகுப்பது? மூத்தோரின் விருப்பம் பொதுவிதி என்னும் பெயரில் இளையோர் மீது சுமத்தப்படலாகாது. ஆதலால் எவரும் மாற்றத்தை முன்மொழியலாம், காரணம் எழுதப்படும், மூவரும் இசைந்தாலே புதிய பதிப்பு வெளிவரும். இவ்விதிகளுள் எனக்கு உவப்பில்லாதனவும் உள. ஆயினும் அவற்றின் கீழ் நிம்மதியாக எழுதுகின்றேன். நேற்று எங்கள் விவாதம் வெற்றிடம் பற்றியதன்று. 'மடி' என்னும் சொல்லுக்கு எம்மூரில் எத்தனை பொருள் உண்டு என்பது பற்றியது.