எங்க தெருவுக்கு வந்த முகாம்

2006இல் நான் பி.ஏ. தமிழ் இரண்டாமாண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடக்கப்போகும் ஊரின் பெயரை அறிவிப்புப் பலகையில் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. எங்க ஊர். வேலை செய்யப்போவது எங்க சேரியில். அது என் ஊர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கியது ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில். சோறு ஊர்த்தெருவில். குடிக்கிற தண்ணிகூட கேனில் வந்தது. காலையில் விளக்குமாறும் மண்வெட்டியுமாகச் சேரிக்குள் போவோம். எங்க வீட்டுக்கிட்டப் போனபோது பக்கத்தில் இருந்தவன், “இவங்களுக்கெல்லாம் சுத்தம்னா என்னன்னே தெரியாதுடா” என்றான். விடியக்காலையிலேயே ஊர்த்தெரு வாசலையெல்லாம் கூட்டி, சாணி தெளித்துவிட்டு வந்த எங்கம்மா திண்ணையோரம் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கூட்டிக்கொண்டே இருந்தேன். அவளும் கூப்பிடவில்லை. உள்ளே போய்விட்டாள்.

சேவை என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது.

அதே 2006 மார்ச்சில் அமெரிக்காவில் வேறொரு முகாம் நடந்ததைப் பிறகுதான் படித்தேன். முந்தைய வருசம் ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்து, கரைச்சுவர்கள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஐந்தில் நாலு பங்கு மூழ்கிப்போனது. கறுப்பர்கள் வாழ்ந்த லோயர் நைன்த் வார்டு துடைத்தெடுத்ததுபோல் ஆனது. வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்டு, கறுப்பர்களுக்கென்று 1867இல் உண்டான பல்கலைக்கழகம். வசந்தகால விடுமுறையில் மற்றவர்கள் கடற்கரைக்குப் போகும்போது அதன் மாணவர்கள் ஊழியத்துக்குப் போகும் வழக்கம் 1994இலேயே தொடங்கிவிட்டது. அந்த வருசம் நூற்றுக்கணக்கில் நியூ ஆர்லியன்சுக்குப் போனார்கள். பூஞ்சை பிடித்த சுவர்ப்பலகைகளைப் பெயர்த்து, நாறிப்போன கட்டிலையும் துணிமணியையும் வாரித் தெருவில் போட்டு, வீட்டை எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும்படி காலி செய்கிற வேலை. அதே நகரத்தில், கட்டடம் மூழ்கிப்போன டில்லர்டு என்ற கறுப்பர் பல்கலைக்கழகம் ஓர் ஓட்டலில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது.

கறுப்பர் கறுப்பருக்குச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வாரம் உழைத்துவிட்டு அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் லூசியானா அரசு கொடுத்த வீட்டு உதவித்தொகை, புயலுக்கு முன் அந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்பதை வைத்தும் கணக்கிடப்பட்டது. அதே மாதிரி வீடுதான், ஆனால் கறுப்பர் தெருவில் இருந்தால் விலை குறைவு. ஆகவே உதவியும் குறைவு. வழக்குப் போட்டு, 2011இல்தான் சமரசம் ஆனது. சேரி மனைக்கு ஒரு விலை, ஊர்மனைக்கு ஒரு விலை என்று பார்த்தே வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலகை பெயர்க்கிற கை இந்தக் கணக்கையும் படிக்க வேண்டும்.

பயணத்திலும் இப்படித்தான். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போய்ப் படிக்கும் மாணவர்களில் கறுப்பர் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். ஹார்லெமில் போதகராக இருந்த ஜேம்ஸ் ராபின்சன் என்ற கறுப்பர், 1958இல் கறுப்பும் வெள்ளையுமாக மாணவர்களை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போனார். அந்த ஊர் மாணவர்களோடு சேர்ந்து இவர்களும் உடலுழைப்புச் செய்தார்கள். பின்னால் கென்னடி தொடங்கிய அமைதிப் படைக்கு இதுதான் முன்னோடி. அமைதிப் படையைத் தெரிந்த அளவுக்கு ராபின்சனை யாருக்கும் தெரியாது. எங்கேயும் இதே கதைதான்.

ஹோவர்டில் இறையியல் பள்ளித் தலைவராக இருந்த பெஞ்சமின் மேஸ், 1937 ஜனவரியில் மைசூரில் நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்தார். அங்கே நம் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கு அழைத்தார்கள். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவின் தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்டதையும், யோசித்துப் பார்த்து அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதையும் மேஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கடல் தாண்டி வந்தவர் ‘நானும்தான்’ என்று ஒப்புக்கொள்கிறார். நான் சொந்தத் தெருவில் நின்று ஒப்புக்கொள்ளவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நியூ ஆர்லியன்ஸ் கதையை அம்மாவிடம் சொன்னேன். முகாமைப் பற்றி அவள் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

“அந்தப் புள்ளைங்க யாரு வூட்டுலப்பா சோறு தின்னுச்சுங்க?”